எந்தத் துடுப்பு குறைந்த உழைப்பில் கயாக்கைத் தள்ளும்? நாமே அளந்து பார்க்கலாம்

கயாக் என்பது இரு முனையிலும் பிளேடு (தண்ணீரில் இறங்கும் தட்டைப் பகுதி) உள்ள துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு. அதன் துடுப்பை விற்பவர்கள் எல்லோரும் 'வேகம்' என்றுதான் பேசுவார்கள். நமக்கு வேண்டியது அது இல்லை. ஒரே அளவு உழைப்பைப் போட்டால் எந்தத் துடுப்பு அதிக தூரம் கொண்டுபோகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. அதை அளக்க ஒரு ஜிபிஎஸ் கடிகாரம், நெஞ்சில் கட்டும் இதயத் துடிப்புப் பட்டை, ஒரு அமைதியான ஏரி, இவை போதும்.

1. எதை எதோடு ஒப்பிடுகிறோம்?

பொதுவாக மூன்று வடிவங்கள் உண்டு. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது ஐரோப்பிய வகை: அகலமான, சற்றே வளைந்த பிளேடு. இரண்டாவது கிரீன்லாந்து வகை. ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் வேட்டைக்குப் பயன்படுத்தியது. மரத்தாலானது, பிளேடின் அகலம் உள்ளங்கைப் பிடிக்குள் அடங்கும், 8 அல்லது 9 செ.மீ. மூன்றாவது இறக்கை வகை. 1980களில் சுவீடனில் உருவாகி, பந்தயக் கயாக்குகளில் இன்று ஏறக்குறைய எல்லோர் கையிலும் இருப்பது இதுதான்.

சாதாரண பிளேடு தண்ணீரைப் பின்னால் தள்ளும்போது தானும் கொஞ்சம் பின்னால் வழுக்குகிறது. அந்த வழுக்கலில் நம் உழைப்பு வீணாகிறது. இறக்கை பிளேடைப் படகை விட்டு வெளிப்பக்கமாக விலக்கி இழுக்க வேண்டும். அப்போது விமான இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசை இங்கே முன்னோக்கிக் கிடைக்கிறது, வழுக்கலும் குறைகிறது.

2. எடையைக் கவனியுங்கள்

அலுமினியத் தண்டு போட்ட பிளாஸ்டிக் துடுப்பையும் கார்பன் துடுப்பையும் ஒப்பிட்டால், நீங்கள் வடிவத்தை ஒப்பிடவில்லை, எடையைத்தான் ஒப்பிடுகிறீர்கள். நிமிடத்துக்கு 60 இழுப்பு என்றால் மணிக்கு 3,600. ஒவ்வொரு தடவையும் 300 கிராம் கூடுதல் என்றால் தோள்பட்டை கணக்குக் கேட்கும். முடிந்தவரை ஒரே பொருளில் செய்தவற்றை எடுங்கள். நீளம் ஒன்றாக இருக்க வேண்டாம்; அது வடிவத்துக்கு வடிவம் மாறும்.

3. முதலில் பழகுங்கள்

ஐரோப்பிய பிளேடைப் பாதத்தருகே இறக்கி, இடுப்பருகே எடுக்க வேண்டும். கிரீன்லாந்து துடுப்பின் மேல் விளிம்பைச் சற்று முன்னால் சாய்த்து, தாழ்வாக, கொஞ்சம் வேகமான தாளத்தில் போட வேண்டும். இறக்கைக்கு உடம்பைத் திருப்பும் பழக்கம் தேவை. கை பலத்தில் மட்டும் இழுத்தால் அதன் பயன் போய்விடும். இரவல் வாங்கிய துடுப்பை அரை மணி நேரம் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

4. ஓட்டம்

காற்று எழும் முன், விடியற்காலையில் போங்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். ஒரு நாளில் இரண்டு துடுப்பு போதும். பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு, 500 மீட்டர் போய், அதே 500 மீட்டர் திரும்புங்கள். ஒரு துடுப்பை அ, மற்றதை ஆ என்று வைத்தால், வரிசை: அ, ஆ, ஆ, அ. இப்படிச் செய்தால் களைப்பு ஒரு துடுப்பின் தலையில் மட்டும் விழாது.

உழைப்பு சமமாக இருக்க, இதயத் துடிப்பை ஒரே அளவில் வையுங்கள், உதாரணத்துக்கு நிமிடத்துக்கு 130. துடிப்பு உழைப்புக்குப் பின்னால்தான் ஏறும், அதனால் தொடக்கக் குறிக்கு இரண்டு நிமிடம் முன்பிருந்தே அந்த அளவில் துடுப்புப் போட்டபடி வாருங்கள்.

5. கணக்கு

போகும் வேகம், வரும் வேகம் இரண்டையும் தனித்தனியே கண்டுபிடித்து, அவற்றின் சராசரியை எடுங்கள். நேரங்களின் சராசரியை எடுக்காதீர்கள். நீரோட்டம் இருந்தால் வேகங்களைக் கூட்டும்போதுதான் அது அடிபட்டுப் போகும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. படகைத் தள்ளத் தேவைப்படும் திறன் (ஒரு வினாடியில் செலவாகும் ஆற்றல்) ஏறக்குறைய வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில் ஏறும். 500 மீட்டருக்கு அ-வில் 300 வினாடி, ஆ-வில் 290 வினாடி என்று வையுங்கள். பத்து வினாடிதானே என்று தோன்றும். 300-ஐ 290-ஆல் வகுத்து, வரும் எண்ணை மூன்று தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் சுமார் 1.107. அதாவது அதே துடிப்பில் ஆ-வில் படகுக்குப் போய்ச் சேர்ந்த திறன் சுமார் 11 சதவீதம் அதிகம்.

கடைசியாக, அ-வின் இரண்டு ஓட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் அ-ஆ வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால், இரண்டு துடுப்புக்கும் வித்தியாசம் இருப்பதாக இந்தச் சோதனை காட்டவில்லை என்றுதான் பொருள். அப்படியானால் விலை குறைந்ததை வாங்குங்கள், சரியா?