கிட்டாரைக் கெடுக்கும் தவறுகள்: கம்பி வாங்கும் முன் பிரிட்ஜைப் பாருங்கள்

டியூன் செய்யாமல் வாசிப்பது, இடக்கை நகத்தை வெட்டாமல் வருவது எல்லாம் இரண்டே வகுப்பில் தானாகச் சரியாகிவிடும். காசைக் கரைக்கும் தவறுகள் வேறு. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேருகிறவர்கள் அதையேதான் செய்கிறார்கள்.

நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி

இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான். அண்ணன் வாசித்துவிட்டுப் போட்ட, நைலான் கம்பிக்கென்றே செய்த கிளாசிக்கல் கிட்டார் வீட்டில் கிடக்கும். ஒரு கம்பி அறுந்திருக்கும். தடித்த மூன்று கம்பிகள் பளபளப்பதால் ஸ்டீல்தான் என்று முடிவுகட்டி, சிங்கப்பூரின் பெனின்சுலா கடைத்தொகுதிக்குப் போய், "கிட்டார் கம்பி ஒரு செட்" என்று வாங்கி வந்துவிடுவார்கள்.

அந்தப் பளபளப்பு வெறும் மேற்சுற்று. உள்ளே நைலான் இழை, அதன்மேல் வெள்ளி முலாம் பூசிய செப்புக் கம்பி. மெல்லிய மூன்றையும் பாருங்கள். தூண்டில் நரம்புபோல வழவழவென்று இருந்தால் நைலான். பிரிட்ஜில், அதாவது மேல்பலகையில் ஒட்டிக் கம்பிகளின் அடிநுனியைப் பிடித்திருக்கும் கட்டையில், நைலான் கம்பியைச் சுற்றி முடிச்சிட்டிருப்பார்கள். ஸ்டீல் கிட்டாரில் பெரும்பாலும் ஆறு சிறு முளைகள் கம்பி நுனியைத் துளைக்குள் இறுக்கிப் பிடித்திருக்கும்.

சாதாரண நைலான் செட் இழுக்கும் மொத்த விசை ஏறக்குறைய 40 கிலோ. 12 அளவு (மிக மெல்லிய கம்பி 0.012 அங்குலத் தடிமன்) ஸ்டீல் செட் 70 கிலோவைத் தாண்டும். கிளாசிக்கல் கிட்டாரின் மேல்பலகை மெல்லியது, அடியில் ஒட்டிய குச்சிகளும் மெல்லியவை. கழுத்துக்குள் பெரும்பாலும் டிரஸ் ராட் எனும் இரும்புத் தண்டு கிடையாது. ஆகவே முதலில் கழுத்து முன்னால் வளைந்து, 12ஆம் ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பி மேலேறும். விரல் வலிக்கும், பழகாத விரல் என்று நினைத்துக்கொள்வார்கள். அடுத்து பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை உப்பும். ஒருநாள் ராத்திரி யாரும் தொடாமலே பிரிட்ஜ் படாரென்று பிய்த்துக்கொண்டு வரும், பலகையின் மரச்சிராயோடு. நூற்றைம்பது வெள்ளி கிட்டாருக்கு அந்தப் பழுதுபார்ப்பு கட்டுப்படியாகாது.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் இன்றே ஆறு கம்பிகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிறகு பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாள் துண்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. கம்பியே மாட்டாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

மின்கிட்டாரில் அகூஸ்டிக் கம்பி

இது கிட்டாரை உடைக்காது, ஒலியைக் கெடுக்கும். பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும். மேலே காந்தத்தன்மையுள்ள கம்பி அதிர்ந்தால்தான் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். அகூஸ்டிக் கம்பியின் வெண்கலச் சுற்றைக் காந்தம் கண்டுகொள்ளாது. உள்ளிருக்கும் ஸ்டீல் மட்டுமே வேலை செய்வதால் தடித்த கம்பிகள் சோர்ந்து ஒலிக்கும். நிக்கல் முலாமிட்ட ஸ்டீல் கம்பி என்று கேட்டு வாங்குங்கள். நைலானைப் போட்டால் ஆம்பில் (ஒலிபெருக்கிப் பெட்டியில்) ஒன்றுமே கேட்காது.

குளிர்சாதனக் காற்றுக்கு நேரே தொங்கவிடுவது

மரத்துக்குப் பிடித்த ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு. நம் ஊர்க் காற்றில் பெரும்பாலும் அதைவிட அதிகம். ராத்திரி முழுக்கக் குளிர்காற்று, பகல் முழுக்கப் புழுக்கம் என்றால் பலகை சுருங்கிச் சுருங்கி விரியும். உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வையுங்கள். சின்ன ஈரப்பதமானியும் ஒன்று இருக்கட்டும். 40க்குக் கீழே இறங்கினால் பொட்டலத்தை எடுத்துவிடுங்கள்.

டிரஸ் ராடைத் திருகிக் கம்பியின் உயரத்தைக் குறைப்பது

அது கழுத்தின் வளைவுக்கான திருகு. கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம்.

ஹெட்ஃபோனை நேரே கிட்டாரில் செருகுவது

கேட்காது. ஆம்பில் செருகுங்கள்.

வெயிலில் நிறுத்திய காரில் விட்டுப்போவது

பசை இளகும்.