'வரும் சார்' என்றால் நம்பிவிடாதீர்கள்

முதுமலைக்கு மாற்றுத்திறனாளிகளை அழைத்துவரும் புதுக் குழுக்கள் சீசனுக்குச் சீசன் கூடிக்கொண்டே இருக்கின்றன. சந்தோஷம்தான். ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் விழுந்த அதே குழியில்தான் அவர்களும் விழுகிறார்கள். இ-பாஸ் எடுங்கள், ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிட்டு, திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

போனில் "வீல்சேர் வருமா?" என்று கேட்பது

கேள்வியே தப்பு. விடுதியில் போனை யார் எடுத்தாலும் "வரும் சார், தாராளமா வரும்" என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. வாசலில் இரண்டு படி, கையில் நாலு பசங்க, தூக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு.

மசினகுடிப் பக்கம் ஒரு விடுதியில் இப்படித்தான் ஆனது. வந்த பெண்ணுடையது பேட்டரி நாற்காலி. ஆள் இல்லாமலே ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். ரூம்பாய்கள் ஆர்வமாக ஆர்ம்ரெஸ்ட்டைப் பிடித்துத் தூக்க, அது தனியே கழன்று கையோடு வந்தது. (அது கழற்றி மாட்டுவது. தூக்குவதானால் அடிச்சட்டத்தைப் பிடிக்க வேண்டும். பேட்டரி நாற்காலியை ஆளோடு தூக்கவே கூடாது.) ஒருவழியாக உள்ளே போனால் அறை விசாலம்தான். பாத்ரூம் கதவு 24 அங்குலம், நாற்காலி 26. "விசாரிச்சிட்டுத்தாண்ணா புக் பண்ணேன்" என்று ஏற்பாடு செய்த தம்பி நெளிந்தார். அந்தப் பெண் கோபப்படக்கூட இல்லை. "பரவால்லண்ணா, நான் காலையிலேர்ந்தே தண்ணி குடிக்கல" என்றார்.

இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பாத்ரூம் சரியிருக்காது என்று முன்னாடியே முடிவுகட்டி, தொண்டையைக் காயவைத்துக்கொண்டு வருகிறார்கள். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று சுலபமாக வரும். தண்ணீரும் குறைந்தால் ஊர் திரும்பியதும் ஆஸ்பத்திரிதான்.

அதனால் அளவு கேளுங்கள். பாத்ரூம் கதவைத் திறந்து, குறுக்கே டேப் பிடித்து, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை படி? வெஸ்டர்ன் டாய்லெட்டா? பக்கத்தில் நாற்காலியை நிறுத்த இடம் உண்டா? சாய்தளம் இருக்கிறது என்றால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். பல இடங்களில் இருப்பது பைக் ஏற்றுவதற்காகப் போட்ட சரிவு. போட்டோ அனுப்பத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். வனத்துறை சஃபாரி வண்டிக்கும் இதே விசாரணைதான்: முதல் படி எவ்வளவு உயரம், உள்ளே பிடிக்கக் கம்பி உண்டா? காட்டுக்குள் நடுவில் இறங்க முடியாது என்பதால், பாத்ரூம் வேலையை முடித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

கல்லட்டி வழியாக இறங்குவது

ஊட்டியிலிருந்து முதுமலைக்கு இந்த மலைப்பாதையில் தூரம் குறைவு, உண்மை. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். இடுப்புக்கு மேல் பிடிமானம் இல்லாதவர் ஒவ்வொரு திருப்பத்திலும் சரிவார், பிரேக் போட்டால் சீட்டிலிருந்து முன்னால் வழுக்குவார். கூடலூர் வழி சுற்றுதான், அதிலேயே போங்கள். நெஞ்சுக்குக் குறுக்கே பெல்ட் கட்டாயம்.

வெந்நீர்ப் பை, கேம்ப் ஃபயர்

உணர்ச்சி இல்லாத காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கம்பளி போதும்.

பார்வையற்றவரைச் சஃபாரிக்கு அழைக்காமல், வந்த வண்டியிலேயே உட்காரவைப்பது

செய்யாதீர்கள். புள்ளிமானும் மந்தியும் எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் பக்கத்தில் புலியோ சிறுத்தையோ நடமாடுகிறது என்று அர்த்தம். நீங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும்போது அந்தக் குரலை முதலில் பிடிப்பவர் அவராகத்தான் இருப்பார்.

சஃபாரியை மட்டுமே நம்புவது

வண்டியில் ஏற முடியாதவருக்குத் தெப்பக்காடு யானை முகாம் இருக்கிறது. ராகியும் கொள்ளும் சேர்த்துப் பிடித்த கவளத்தை மாவுத்தர்கள் யானை வாயில் வைப்பதைக் காலையிலும் மாலையிலும் தரையிலிருந்தே பார்க்கலாம். நேரத்தை முதல் நாளே கேட்டுவைத்து, அரை மணி முன்னதாகப் போய் முன்வரிசையில் நாற்காலியை நிறுத்திவிடுங்கள். கூட்டம் சேர்ந்த பிறகு போனால், உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாருடைய முதுகும்தான் தெரியும்.