முதலில் பேக்கப், அப்புறம்தான் பேக்கப்

தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே சொல்தான். ஒன்று, நாள் முடிவில் டைரக்டர் கையைத் தட்டிச் சொல்வது. உடனே லைட்மேன்கள் ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். இன்னொன்று, அன்றைக்கு எடுத்ததை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுவது. முதல் பேக்கப் காதில் விழுந்ததும் இரண்டாவது பேக்கப் யார் ஞாபகத்திலும் இருக்காது. வேன் கிளம்பிவிடும்.

நாலு பேர் வேலை பார்க்கும் வீடியோ கம்பெனியில் டேட்டாவுக்கென்று தனி ஆள் கிடையாது. ரிஃப்ளெக்டர் பிடிப்பவர், மைக் மாட்டுபவர், டீ சொல்லப் போகிறவர் யாரோ, அவர்தான் டேட்டாவுக்கும். புதிதாகச் சேர்ந்திருந்தால் அது நீங்கள்தான். எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. யாரும் கற்றுத்தரவில்லை. "தம்பி, இந்த கார்டை லேப்டாப்ல போட்டுக் குடு" என்று கேமராவின் மெமரி கார்டை நீட்டினார் கேமராமேன். போட்டுக் கொடுத்தேன்.

அதன் பலன் கோவைப் பக்கம் ஒரு மில்லுக்கு கார்ப்பரேட் ஃபிலிம் எடுத்தபோது தெரிந்தது. மில்லை ஆரம்பித்த பெரியவருக்கு எண்பது வயதுக்கு மேல். மாட்டுவண்டியில் பஞ்சுப் பொதி வந்த காலத்திலிருந்து ஒரு மணி நேரம் பேசினார். கார்டை எடுத்து மேஜையில் வைத்தேன். பக்கத்தில் காலி கார்டு ஒன்றும் கிடந்தது. மத்தியானம் மிஷின் ஷாட்டுக்கு கார்டு கேட்டார்கள். கைக்கு வந்ததை எடுத்து ஃபார்மட் போட்டுக் கொடுத்தேன். நாற்பது நிமிடம் ஷூட் ஆன பிறகுதான், காலி கார்டு இன்னும் மேஜையிலேயே இருப்பதைப் பார்த்தேன்.

மறுபடி பெரியவர் முன்னால் போய் நின்றோம். "அதான் காலைலயே சொல்லிட்டனே கண்ணு" என்றார். கோபமில்லை. திரும்பவும் சொன்னார், எட்டு நிமிடத்தில். வண்டியும் வரவில்லை, பஞ்சும் வரவில்லை.

கீழே இருப்பது அன்றிலிருந்து நான் செய்யும் முறை. விலை உயர்ந்த சாமான் எதுவும் தேவையில்லை.

1. முந்தின நாள் ராத்திரி: கணக்கு

எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். கேமராமேனிடம் எந்த பிட்ரேட்டில், அதாவது நொடிக்கு எவ்வளவு டேட்டா வீதம், எடுக்கப்போகிறார் என்று கேளுங்கள். 4கே-வில் 100 எம்பிபிஎஸ் என்பார் என்று வைத்துக்கொள்வோம். அது பிட் கணக்கு. எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. அதாவது 128 ஜிபி கார்டு சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் தாங்கும். இரண்டு கேமரா, ஆளுக்கு மூன்று மணி நேர ரெக்கார்டிங் என்றால் 270 ஜிபி. இரண்டு டிஸ்க்கிலும் தனித்தனியாக அவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும்.

ஆம், இரண்டு டிஸ்க். ஒரே டிஸ்க்கில் இரண்டு ஃபோல்டர் போட்டுவிட்டு "ரெண்டு காப்பி இருக்கு" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஸ்க் கீழே விழுந்தால் இரண்டு காப்பியும் சேர்ந்தே விழும்.

டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். விண்டோஸ், மேக் இரண்டும் அதில் படிக்கும், எழுதும். ஸ்பாட்டில் விண்டோஸ் லேப்டாப், எடிட் சூட்டில் மேக் என்பதுதான் பல இடங்களில் நிலைமை. விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் உள்ள டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. பழைய ஃபேட் 32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட்டில் ஒரு குறை உண்டு: எஜெக்ட் செய்யாமல் ஒயரைப் பிடுங்கினால் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். அவசரத்திலும் எஜெக்ட் கொடுத்துவிட்டே கழற்றுங்கள்.

2. இரண்டு டப்பா

என் பையில் இரண்டு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். ஒன்றில் காலி கார்டு, ஒன்றில் எடுத்து முடித்த கார்டு. எடுத்த கார்டு கேமராவிலிருந்து வெளியே வந்த கணமே இரண்டு காரியம்: எஸ்டி கார்டின் பக்கவாட்டில் இருக்கும் லாக்கைத் தள்ளிவிடுவது, சிவப்பு டேப் ஒரு துண்டு ஒட்டுவது. சில கேமராக்களில் வரும் சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற வேறு வகைக் கார்டில் லாக் கிடையாது, அதற்கு டேப் மட்டும்தான் காவல். மேஜை, சட்டைப் பை, கேமரா பையின் ஓரம் எதிலும் கார்டு இருக்கக் கூடாது. இரண்டு டப்பாவில் ஒன்று, அல்லது கேமரா, அல்லது ரீடர். நாலு இடம்தான்.

கார்டை வாங்கும்போதும் கொடுக்கும்போதும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "அண்ணே, ஏ ரெண்டு, ஃபுல்லா?" (ஏ கேமராவின் இரண்டாவது கார்டு.) அவர் "ஃபுல்" என்று சொல்லும்வரை கையை நீட்டியே இருங்கள். முதல் நாள் சிரிப்பார்கள்.

3. காப்பி

ஃபோல்டர் பெயரில் தேதி முதலில் வரட்டும், அதுவும் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில். பிறகு வேலையின் பெயர், கேமரா, கார்டு எண். 20250614_மில்_ஏ_02 என்பது போல. நிஜத்தில் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறெதுவும் வேண்டாம். இடைவெளியும் சிறப்புக் குறிகளும் வந்தால் சில சாஃப்ட்வேர்கள் தகராறு செய்யும்.

கார்டைத் திறந்தால் வீடியோ ஃபைல்கள் உள்ளே எங்கோ கிடக்கும். சோனியில் பிரைவேட், அதற்குள் எம்4ரூட், அதற்குள் கிளிப். புதியவர்கள் எம்பி4 ஃபைலை மட்டும் இழுத்துப் போட்டுவிடுவார்கள். கூடவே இருக்கும் குட்டி எக்ஸ்எம்எல் ஃபைல்களில் அந்த கிளிப்பைப் பற்றிய தகவல்கள் இருக்கின்றன. கார்டு எப்படி இருக்கிறதோ அப்படியே, மேலிருந்து முழுதாகக் காப்பி செய்யுங்கள்.

சாதாரண காப்பி-பேஸ்ட் போதாது. ஃபைல் போய்ச் சேர்ந்ததா என்றுதான் அது பார்க்கும், சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காது. செக்சம் பார்க்கும் சாஃப்ட்வேர், கார்டில் உள்ள ஃபைலையும் டிஸ்க்கில் ஏறிய ஃபைலையும் தனித்தனியாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கைரேகை மாதிரி எண் உருவாக்கி ஒப்பிடும். ஒரு பிட் மாறியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பிலேயே மீடியா பக்கத்தில் குளோன் டூல் இருக்கிறது, ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க்குக்கு ஏற்றும். விண்டோஸில் டெராகாப்பி என்ற காப்பி சாஃப்ட்வேரும் சரிபார்க்கும்.

நேரம் ஆகும். சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி எழுதினால் முழு 128 ஜிபி கார்டுக்கு 21 நிமிடம். சரிபார்ப்பும் சேர்ந்தால் அதைப்போல இரண்டு மடங்கு. பழைய யூஎஸ்பி 2.0 ரீடரை எடுத்துப் போயிருந்தால் காப்பிக்கு மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல். அதனால் கடைசிவரை சேர்த்துவைக்காமல், கார்டு வர வர ஏற்றுங்கள். சாப்பாட்டு இடைவேளை இதற்குத்தான். நாம் கடைசிப் பந்தி.

லேப்டாப்பை நிழலில் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை நகர்த்தாதீர்கள்.

4. பார்ப்பது

செக்சம் "ஓகே" என்றாலும் கண்ணால் பாருங்கள். கேமராவே தப்பாக எடுத்திருந்தால் தப்பைத்தான் துல்லியமாகக் காப்பி செய்திருக்கும். ஒவ்வொரு கிளிப்பிலும் ஆரம்பம், நடு, முடிவு என்று சில நொடிகள். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்.

ஃப்ரேம்ரேட்டையும் பாருங்கள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால் பெரும்பாலும் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி. வேறு மாதிரி வைத்தால் ட்யூப்லைட் படபடக்கலாம். வாடகைக்கு வந்த இரண்டாவது கேமராவை முந்தின யூனிட் 24-இல் விட்டிருப்பார்கள், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். முதல் கார்டிலேயே பிடித்துவிட்டால் ஒரு வார்த்தையில் முடியும் விஷயம்.

சவுண்ட் ரெக்கார்டரின் கார்டை மறக்காதீர்கள். அது சின்னது, அதனாலேயே மறக்கும்.

5. நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு வரி இப்படி இருக்கும்:

ஏ-02 / 11.40 / 38 கிளிப் / 97.4 ஜிபி / டிஸ்க் 1 சரி / டிஸ்க் 2 சரி / பார்த்தேன்: கிளிப் 17-ல் ஆடியோ இல்லை, மிஷின் ஷாட், பரவாயில்லை.

தப்பு நடந்துவிட்டால்

ஃபார்மட் செய்த கார்டு பெருங்காயம் இருந்த டப்பா மாதிரி. பார்க்கக் காலி, உள்ளே வாசனை இருக்கும். பெரும்பாலும் ஃபார்மட் அழிப்பது ஃபைல்களின் பட்டியலைத்தான், மேலே வேறெதையாவது எழுதும்வரை பழையது கிடக்கும். ஆகவே தெரிந்த நொடியே கார்டை வெளியே எடுத்து லாக் போடுங்கள். யாரிடமும் மறைக்காதீர்கள். மறைக்கும் அரை மணி நேரத்தில் இன்னொருவர் அதையே கேமராவில் போட்டுவிடுவார். பிறகு ஃபோட்டோரெக் போன்ற இலவச சாஃப்ட்வேரில் மீட்கப் பார்க்கலாம். நாங்கள் ஏற்கெனவே நாற்பது நிமிடம் மேலே எழுதிவிட்டிருந்தோம். கிடைத்தது கடைசி கிளிப் மட்டும். பெரியவர் மைக்கைக் கழற்றிக்கொண்டே "சாப்டீங்களா?" என்று எங்களைக் கேட்பது.

6. வீடு திரும்பும்போது

இரண்டு டிஸ்க்கும் ஒரே பையில் போகக் கூடாது. ஒன்று என்னோடு பஸ்ஸில், ஒன்று டைரக்டரோடு வேனில். மறுநாள் எடிட்டர் அவருடைய சிஸ்டத்தில் ஏற்றி, கிளிப் எண்ணிக்கையை என் நோட்டோடு ஒப்பிட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு "ஓகே" போடுவார். ராத்திரி பதினோரு மணிக்கும் வரும், மூன்று நாள் கழித்தும் வரும். எப்போது வந்தாலும் அதற்குப் பிறகுதான் சிவப்பு டேப்பைக் கிழிக்கிறேன். ஃபார்மட் லேப்டாப்பில் அல்ல, அடுத்த ஷூட்டின் காலையில், எந்தக் கேமராவில் எடுக்கப்போகிறோமோ அதற்குள் போட்டு.