மதியச் சாப்பாட்டில் புரையேறும் பிள்ளைக்கு

ராயபுரம், வியாசர்பாடிப் பள்ளிகளில் மதிய மணி அடித்தால் ஒரே இரைச்சல். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்குப் பத்து நிமிடம் முன்பே, அமைதியான மூலையில் ஊட்டத் தொடங்குங்கள்.

முதலில் உட்காரும் விதம். முதுகு நேராக, இடுப்பு நாற்காலியின் பின்பக்கத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். கால் தரையில் எட்டாவிட்டால் அடியில் ஒரு பலகை வையுங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும். அப்போது சோறு எளிதாக மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். எதிரே, அதன் கண் மட்டத்தில் உட்காருங்கள். சின்ன ஸ்பூனில் பாதி அளவு போதும். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய்.

சத்துணவு சாம்பார் சாதத்தை அப்படியே கொடுக்காதீர்கள். குழம்புத் தண்ணி முந்திக்கொண்டு தொண்டைக்குள் ஓடும், பருக்கை வாயிலேயே நிற்கும். இரண்டும் ஒன்றாகும்வரை மசியுங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் மொத்தமாக நழுவி விழ வேண்டும். ஒட்டிக்கொண்டால் கொஞ்சம் பருப்புத் தண்ணி விடுங்கள். சோறு ஆற ஆற இறுகும், அதனால் நடுவில் மறுபடி பாருங்கள். முட்டையின் மஞ்சள் கரு வறண்டு அண்ணத்தில் அப்பிக்கொள்ளும்; அதையும் குழைத்தே கொடுக்க வேண்டும். சுண்டல், வேர்க்கடலை, பொரி வேண்டவே வேண்டாம்.

கேழ்வரகுக் கஞ்சியில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வாயில் வைத்த ஸ்பூனைத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால் எச்சில் பட்டுக் கஞ்சி நீர்த்துவிடும். தொடக்கத்தில் சரியாக இருந்த கஞ்சி கடைசியில் புரையேறுவது இதனால்தான். கொஞ்சம் கொஞ்சமாக வேறு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுங்கள்.

சோறு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் சில பிள்ளைகளுக்கு இருமலே வராது. சாப்பிட்டதும் குரல் கொழகொழப்பது, கண்ணில் நீர் கோப்பது, அடிக்கடி சளி காய்ச்சல், எடை ஏறாதது எல்லாமே அடையாளம்தான். பெற்றோரிடம் சொல்லி ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். எவ்வளவு கெட்டியாகக் கொடுப்பது என்பதைப் பரிசோதித்தவர்களே எழுதித் தரட்டும்.

புரையேறினால் ‘யாரோ நினைக்கிறாங்க’ என்று உச்சந்தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்கிறோமே, அது இங்கே ஆபத்து. பலமாக இருமினால் இருமட்டும். சத்தமே வராமல் திணறினால் முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். சரியாகாவிட்டால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே 5 முறை உள்ளும் மேலுமாக அழுத்துங்கள். அடைப்பு விலகும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

சாப்பிட்ட பின் வாயில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, அரை மணி நேரம் நிமிர்ந்தே உட்காரவையுங்கள். இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதிப் பிள்ளையின் டிபன் பையிலேயே வையுங்கள். வழக்கமாக ஊட்டும் ஆயா லீவு போட்ட அன்றைக்குத்தான் அது தேவைப்படும்.