மலையகக் குளிரில் சொக்லேட் ஓட்ஸ் சுடும் முறை

கொழும்பில் பஞ்சுபோல வரும் சொக்லேட் ஓட்ஸ், அதே அளவில் நுவரெலியாவில் செய்தால் மளமளவென்று பொங்கி எழும்பும். வெளியே எடுத்ததும் நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிடும். சமைத்தவரின் கைப்பிழை அல்ல அது, உயரத்தின் வேலை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் பேக்கிங் பவுடர் விடும் வாயு அளவுக்கு மிஞ்சி விரிகிறது. கலவை வெந்து இறுகும் முன்பே குமிழ்கள் உடைந்து போகின்றன. தண்ணீரும் அங்கே ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதனால் மேலே போகப் போக பவுடரைக் குறைத்து, பாலைக் கொஞ்சம் கூட்டி, ஓவன் சூட்டையும் சற்று ஏற்ற வேண்டும்.

நாலு பேருக்கு, 20 சென்றிமீற்றர் சதுரத் தட்டுக்கு: ஓட்ஸ் 200 கிராம், தோல் உரித்த கனிந்த வாழைப்பழம் 250 கிராம், முட்டை 3, பால் 300 மில்லிலீற்றர், இனிப்பில்லாத கொக்கோ தூள் 25 கிராம் (4 மேசைக்கரண்டி), கித்துள் பாணி (கித்துள் மரத்துப் பாகு) 4 மேசைக்கரண்டி, தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, கறுவாத்தூள் அரைத் தேக்கரண்டி, கறுப்பு சொக்லேட் 60 கிராம். கண்டியில் இருப்பவர்கள் இதை அப்படியே செய்யலாம். ஹற்றன், பண்டாரவளைப் பக்கம் பவுடர் ஒன்றே முக்கால் தேக்கரண்டி போதும், பால் 320. நுவரெலியாவில் பவுடர் ஒன்றரை, பால் 340, ஓவன் 180 பாகைக்குப் பதில் 190.

ஓட்ஸில் தட்டையாக நசுக்கிய முழு ஓட்ஸ்தான் நல்லது. சீக்கிரம் வேகும் பொடி ஓட்ஸ் மட்டுமே கடையில் கிடைத்தால் பாலில் 40 மில்லிலீற்றர் குறைத்துக்கொள்ளுங்கள். வாழைப்பழத்தில் கோழிக்கூடு என்ற இனம் மென்மையாகக் கரையும், இனிப்பும் கூட. புளி வாழைப்பழம் போட்டால் மெல்லிய புளிப்பு ஒன்று வரும், கொக்கோவுக்கு அது பொருந்தும். பாணியை மட்டும் ஒரு கரண்டி கூட்டுங்கள். எதுவானாலும் தோலில் கறுப்புப் புள்ளி விழுந்திருக்க வேண்டும். காய்வெட்டான பழத்தில் மாச்சத்து இனிப்பாக மாறியிருக்காது, சுட்ட பிறகும் சப்பென்றுதான் இருக்கும். பால்மா பாவிப்பவர்கள் 300 மில்லிலீற்றர் சுடுநீருக்கு 40 கிராம் மா கரைத்தால் சரி.

கொக்கோவுக்குப் பதிலாகக் குடிக்கும் சொக்லேட் மாவைப் போட வேண்டாம். அதில் பெரும்பங்கு சீனி. நிறமும் ஏறாது, மணமும் ஏறாது. பேக்கிங் பவுடர் தீர்ந்துவிட்டதென்று அப்பச்சோடாவை அதே அளவில் அள்ளிப் போடுவதும் வேண்டாம், சவர்க்கார வாடை வந்துவிடும்.

முதலில் பாலைக் கொதிக்கவிட்டு, அதில் கால்வாசியைக் கொக்கோவில் ஊற்றி, கட்டியில்லாமல் களிபோலக் குழைத்து ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். சூட்டில் ஊறும்போதுதான் கொக்கோவின் மணம் எழும்பும்; குளிர்ந்த பாலில் நேரே தூவினால் மேலே மிதந்து திட்டுத்திட்டாக நிற்கும். இந்தப் பங்குக்கு மட்டும் பாலுக்குப் பதிலாகக் கடுஞ்சாயத்தண்ணி ஊற்றினாலும் கெட்டுப் போகாது, சொக்லேட்டின் கசப்பு இன்னும் அழுத்தமாகத் தெரியும். மிச்சப் பால் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். அதை முழுக்கக் குளிர விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவிலேயே உறையத் தொடங்கும். நுவரெலியாக் காலையில் போத்தலுக்குள் அது வெள்ளைக் கட்டியாகத்தான் இருக்கும். உருக்கி ஊற்றினாலும், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த முட்டையும் பாலும் பட்டவுடன் திரிதிரியாக உறைந்துவிடும். முட்டையை ஓட்டோடு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஓட்ஸை ஈரமில்லாமல் பிளெண்டரில் தனியே அரைத்து எடுங்கள். ரவைப் பதம் போதும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு நிமிடக்கணக்கில் ஓடவிடுவதே பலர் செய்யும் தவறு. ஓட்ஸின் நார்ச்சத்து ஈரத்தில் அடிபட அடிபடப் பிசினாகும். சுட்டபின் பல்லில் ஒட்டும் இழுவை அதனால்தான். பழத்தை முள்ளுக்கரண்டியால் மசித்து, முட்டை, பாணி, எண்ணெய், பால், கொக்கோக் களி சேர்த்து அடித்து, அதில் ஓட்ஸ், உப்பு, கறுவாவைக் கலந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கரண்டியைத் தூக்கினால் கலவை தோசைமாவைவிடச் சற்றுக் கெட்டியாக, அறுந்தறுந்து விழ வேண்டும். பேக்கிங் பவுடரை ஊறிய பிறகே, தட்டில் ஊற்றும் முன் சலித்துச் சேருங்கள்.

எண்ணெய் பூசிய தட்டில் பாதிக் கலவை, அதன்மேல் உடைத்த சொக்லேட்டில் பாதி, பிறகு மிச்சக் கலவை. மிஞ்சிய சொக்லேட்டைக் கடைசி ஐந்து நிமிடத்தில் மேலே தூவினால் கருகாது. முழுதாகச் சூடேறிய ஓவனில் 25 முதல் 30 நிமிடம். கண்ணாடித் தட்டென்றால் சூட்டில் 10 பாகை குறையுங்கள். குச்சி குத்திப் பார்ப்பது இங்கே ஏமாற்றும்: உருகிய சொக்லேட்டில் பட்டால் வெந்ததும் வேகாதது போலத் தெரியும். ஓரம் தட்டை விட்டு விலகி, நடுவில் விரலால் அழுத்தினால் மெல்ல மேலெழும்ப வேண்டும். பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள்.

ஓவன் இல்லாவிட்டாலும் வழியுண்டு. தடித்த அலுமினியச் சட்டியில் ஒரு வளையம் வைத்து, மூடி, நடுத்தர நெருப்பில் பத்து நிமிடம் காயவிடுங்கள். தட்டை வளையத்தின்மேல் இறக்கி, இறுக்க மூடி, சிறு நெருப்பில் 40 நிமிடம். ஒட்டாத பூச்சுள்ள சட்டி இதற்கு ஆகாது, வெறுஞ்சூட்டில் பூச்சுக் கெட்டுவிடும். விறகடுப்பென்றால் மிலாறு (கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி) எரிந்து தணலான பிறகு ஏற்றி, மூடிமேலும் கொஞ்சம் தணல் போடுங்கள். சுவாலை நேரே பட்டால் அடி கருகும், நடு பச்சையாக நிற்கும்.

இட்லிச் சட்டியில் ஆவியிலும் வேகவைக்கலாம். சிறு கிண்ணங்களில் முக்கால்வாசி ஊற்றி, மேலே தண்ணீர் சொட்டாமல் மூடியைத் துணியால் கட்டுங்கள். துணி நுனி நெருப்புப் பக்கம் தொங்கக் கூடாது. கொழும்பில் 25 நிமிடத்தில் வெந்துவிடும். மேலே ஆவியின் சூடே குறைவு என்பதால் நுவரெலியாவில் 35 நிமிடமாவது விட வேண்டும். மொறுமொறுப்பான மேற்பரப்பு கிடைக்காது, வட்டிலப்பம் மாதிரி வழுவழுவென்று இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லப்போனால் இதுதான் பிடிக்கும்.

விடியற்காலையிலேயே பெரட்டுக்கோ (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடுமிடம்) பஸ்ஸுக்கோ ஓடுபவர்கள் முந்தைய இரவே சுட்டுவிடுவது நல்லது. கலவையைப் பவுடரோடு இரவெல்லாம் வைத்தால் வாயு போய்விடும், காலையில் அடை மாதிரி தட்டையாக வரும். சுட்டதை ஆறவிட்டு மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். சாப்பிடும்போது தோசைக்கல்லில் துண்டை வைத்து, பக்கத்தில் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, மூன்று நிமிடம் மூடினால் உள்ளே இருக்கும் சொக்லேட் மறுபடி உருகும்.