பாம்பன் காற்றுக்கு அவிழாத ரெட்டைச் சடை

எங்கள் பாம்பன் காற்றில் சும்மா கட்டிவிட்ட முடி, பள்ளிக்கூட வாசலுக்குள் போகும் முன்பே பரட்டையாகிவிடும். அதனால் என் பேத்திக்கு உச்சியிலிருந்தே பின்னல்தான். எண்ணெய் நாலு சொட்டு போதும். வழியத் தடவினால் மணல் ஒட்டும்.

நடுவகிடு எடுத்து, இரண்டு பக்கமும் தனித்தனியாக இப்படிச் செய்யுங்கள்: நெற்றியோரக் கற்றையை மூன்று காலாகப் பிரியுங்கள். ஓரக் காலை நடுவில் போடும்போதெல்லாம் பக்கத்து முடியில் ஒரு விரல் அகலம் சேர்த்துக்கொண்டே காதுக்குப் பின்னால் வாருங்கள். புருவம் மேலே இழுபட்டால் இறுக்கம் அதிகம், பிள்ளைக்குத் தலை வலிக்கும். அப்புறம் சாதாரணப் பின்னல். நுனிக்கு நாலு விரல் முன்பே ரிப்பனையும் சேர்த்துப் பின்னினால் உருவிக்கொண்டு வராது. மடித்துக் கட்டிவிடுங்கள்.

ராமேஸ்வரம் கடைகளில் வாங்கும் சிப்பி மணியைச் சடையில் கோக்கலாம், அழகுதான். துளை ஓரம் கூராக இருந்தால் முடியை அறுக்கும், உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள். பூ வைப்பதென்றால் கனம் இல்லாத கனகாம்பரம்.