நியூயார்க்கில் யூதப் பண்பாட்டு நிகழ்ச்சிகள்: புதிதாக வந்த தமிழருக்கு

வீடு, வேலை, வங்கிக் கணக்கு எல்லாம் ஒருவழியாக அமைந்து, மாலை நேரம் கொஞ்சம் கையில் மிஞ்சத் தொடங்கியிருக்கிறதா? அப்படியானால் மன்ஹாட்டன் மேற்கு 16ஆம் தெருவில் இருக்கும் யூத வரலாற்று மையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். 'நாம் யூதர் இல்லையே, உள்ளே விடுவார்களா?' என்ற தயக்கம் வேண்டாம். பொது நிகழ்ச்சி என்று அறிவித்திருந்தால் யார் வேண்டுமானாலும் போகலாம். ஃபிளஷிங் பக்கம் இருப்பவர்கள் 7ஆம் எண் ரயிலில் கிராண்ட் சென்ட்ரல் வந்து, அங்கே வண்டி மாறி யூனியன் ஸ்கொயரில் இறங்கினால் போதும்.

அந்தக் கட்டடத்தில் ஐந்து அமைப்புகள் இருக்கின்றன. அவற்றில் யிவோ என் மனதுக்கு நெருக்கமானது. இத்திஷ் மொழியையும் கிழக்கு ஐரோப்பிய யூதர் வாழ்வையும் ஆராய 1925இல் வில்னாவில் (இன்று லித்துவேனியாவின் வில்னியஸ்) தொடங்கிய நிறுவனம் அது. நாஜிகள் அதன் சேகரிப்பைச் சூறையாடியபோது, தரம் பிரிக்கும் வேலைக்குப் பிடித்து வைக்கப்பட்டிருந்த யூதர்கள் காகிதங்களை உடைக்குள் மறைத்து, யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவுக்குள் கொண்டுபோய்ப் பதுக்கினார்கள். கவிஞர் ஆப்ரகாம் சுட்ஸ்கேவர் அவர்களில் ஒருவர். அப்படித் தப்பியவற்றில் ஒரு பகுதி போருக்குப் பின் நியூயார்க் வந்து சேர்ந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களால் அந்தத் தாள்களை எளிதில் கடந்து போக முடியாது.

சொற்பொழிவு, கச்சேரி எல்லாம் சரி. ஆனால் தமிழர்கள் தவறவிடக் கூடாதது யூத நூல்களைப் படிக்கும் வகுப்பு என்பேன். 1874இல் தொடங்கி, இன்று 92ஆம் தெருவில் இயங்கும் 92என்ஒய் என்ற யூதப் பண்பாட்டு நிலையத்திலும், யூதர் வழிபடும் ஜெப ஆலயங்கள் பலவற்றிலும் இவை நடக்கும். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத்தின் பக்கத்தைப் பாருங்கள்: நடுவில் மூலமும் விவாதமும், ஒரு பக்கம் 11ஆம் நூற்றாண்டு அறிஞர் ரஷி எழுதிய உரை, மறுபக்கம் அவருக்குப் பின் வந்தவர்கள் எழுப்பிய கேள்விகள். இருவர் இருவராக உட்கார்ந்து சத்தமாக வாசித்து வாதாடுவார்கள்; அதற்கு ஹவ்ருதா என்று பெயர். குறளைப் பரிமேலழகர் ஒரு பக்கம், மணக்குடவர் ஒரு பக்கம் வைத்துப் படித்தவருக்கு இது பழகிய திண்ணைதான். எபிரேயம் தெரிய வேண்டியதில்லை, தொடக்க வகுப்புகளில் ஆங்கில மொழிபெயர்ப்போடுதான் படிப்பார்கள். எபிரேய பைபிளில் சாலொமோன் அரசனின் கப்பல்கள் மயில் கொண்டுவந்த வரி வந்தால் கவனியுங்கள். அங்கே மயிலுக்கு இருக்கும் 'துக்கி' என்ற சொல் நம் 'தோகை'யிலிருந்து போனது என்று மொழியறிஞர் பலர் கருதுகிறார்கள். அதை நீங்களே எடுத்துச் சொன்னால் பேச்சு தானாகத் தொடங்கிவிடும்.

சில நடைமுறைகள். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை ஓய்வுநாள். பல இடங்கள் மூடியிருக்கும். ஐந்தாம் அவென்யூவின் யூத அருங்காட்சியகம் மட்டும் சனிக்கிழமை திறந்திருக்கும், அன்று கட்டணமும் இல்லை. இலையுதிர்காலப் பண்டிகை நாட்களில் கிளம்புமுன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் பையைச் சோதிப்பார்கள், அடையாள அட்டையும் கேட்கலாம். யூத நிலையங்கள் தாக்கப்பட்டிருப்பதால் வந்த ஏற்பாடு இது. உங்கள் மேல் சந்தேகம் என்று நினைக்காதீர்கள். கோஷர் என்னும் யூத உணவு விதி இருப்பதால் வீட்டுச் சாப்பாட்டை உள்ளே எடுத்துப் போக வேண்டாம். ஜெப ஆலயத்தில் ஆண்கள் தலையை மூடுவது வழக்கம். குல்லா அங்கேயே தருவார்கள்.

பிள்ளைகள் இருந்தால் எல்ட்ரிட்ஜ் தெருவிலிருந்து தொடங்குங்கள். 1887இல் கட்டிய ஜெப ஆலயம் அது, இருபது ஆண்டு பழுதுபார்த்து 2007இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். இன்று அதைச் சுற்றிலும் சீனக் கடைகள். ஜூன் வாக்கில் யூதர், சீனர், போர்ட்டோ ரிக்கர் மூவரும் சேர்ந்து அந்தத் தெருவிலேயே விழா எடுப்பார்கள்: ஒரு பக்கம் கிழக்கு ஐரோப்பிய யூதரின் கிளெஸ்மர் இசை, இன்னொரு பக்கம் சீன ஓபரா. எஃப் ரயிலில் ஈஸ்ட் பிராட்வே நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.